தண்ணீர்க் கிண்ணம் ஏன் சீக்கிரம் காலியாகிறது?

மாணவர்களே, ஜார்ஜ்டவுனில் பூனை இல்லாத தெருவைக் காண்பது அரிது. 2013ஆம் ஆண்டு ஜார்ஜ்டவுன் விழாவுக்காகச் சுவர்களில் வரையப்பட்ட பூனைகளைப் படமெடுக்கச் சுற்றுப்பயணிகள் ஒருபுறம் வருகிறார்கள். உயிருள்ள பூனைகள் மறுபுறம் கடை வாசல்களில் படுத்து உறங்குகின்றன. உங்களில் பலர் வீட்டிலும் ஒன்று இருக்கும். நல்ல உணவும் தடுப்பூசியும் கிடைப்பதால் வீட்டுப் பூனைகள் 15 வயதைத் தாண்டி வாழ்வது இப்போது புதுமையல்ல. அந்த முதிய வயதில் அவற்றை அதிகம் தாக்குவது நாள்பட்ட சிறுநீரக நோய். பத்து வயதைத் தாண்டிய பூனைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுக்கு இது இருக்கலாம் என்று கணிக்கிறார்கள்.

எங்கள் வீட்டுப் பூனைக்கு 14 வயதானபோது அதன் தண்ணீர்க் கிண்ணம் மாலைக்குள் காலியாகத் தொடங்கியது. "வெயில் அப்படி, அதான் குடிக்குது" என்றார் அம்மா. நானும் தலையாட்டினேன். பினாங்கு வெயிலில் அது நியாயமான விளக்கமாகத்தான் தோன்றியது. தண்ணீர் நன்றாகக் குடிக்கிறது, ஆகவே ஆரோக்கியமாக இருக்கிறது என்றுகூட நினைத்தோம். இரண்டு மாதம் கழித்து முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்ட பிறகே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போனோம். இரண்டு சிறுநீரகங்களிலும் வேலை செய்யும் பகுதி மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருக்கும் என்றார் அவர்.

அவ்வளவு பழுது ஏற்படும்வரை ஒன்றும் தெரியாமல் இருந்தது எப்படி? நான்காம் படிவ உயிரியலில் வரும் நெஃப்ரானை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மனிதனின் ஒரு சிறுநீரகத்தில் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள். பூனையின் ஒரு சிறுநீரகத்தில் சுமார் 2 லட்சம். ஒவ்வொன்றும் இரத்தத்தை வடிகட்டி, தேவையான நீரையும் உப்பையும் திரும்ப எடுத்துக்கொண்டு, மிச்சத்தைச் சிறுநீராக அனுப்புகிறது. செத்துப்போன நெஃப்ரான் மீண்டும் முளைப்பதில்லை. அதற்குப் பதிலாக, மீதமுள்ளவை தங்கள் பங்குக்கு மேல் வடிகட்டுகின்றன. பத்துப் பேர் செய்த வேலையை நான்கு பேர் ஓடி ஓடிச் செய்வது போன்றது இது. வேலை நடந்துவிடுகிறது, ஆனால் அந்த நான்கு பேரும் சீக்கிரம் களைத்துவிடுகிறார்கள்.

முதலில் கெடுவது நீரைச் சேமிக்கும் திறன். வீட்டுப் பூனையின் மூதாதை, வட ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் வறண்ட நிலங்களில் திரிந்த காட்டுப் பூனை. அதன் வழிவந்த நம் பூனையால் இரத்தத்தைப்போல் சுமார் 10 மடங்கு செறிவான சிறுநீரைக் கழிக்க முடியும். மனிதனுக்கு 4 மடங்குதான் கைகூடும். மருத்துவமனையில் ஒரு சொட்டுச் சிறுநீரைச் சிறு கருவியில் விட்டு அதன் ஒப்படர்த்தியைப் பார்ப்பார்கள். தூய நீருக்கு 1.000 என்றால், நலமான பூனையின் சிறுநீருக்கு 1.035க்கு மேல் இருக்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு நெஃப்ரான்கள் போன பிறகு இந்த எண் இறங்குகிறது. நீர் உடலில் தங்காமல் வெளியேறுகிறது. அதை ஈடுகட்டத்தான் பூனை குடிக்கிறது. நாங்கள் காரணத்தைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தோம்.

இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு ஏறுவதற்கு இன்னும் நாளாகும். நான்கில் மூன்று பங்கு அழிந்த பிறகே அது தெளிவாக உயரும். ஐரிஸ் என்னும் அனைத்துலகக் கால்நடை மருத்துவர் குழு, இந்த அளவை வைத்து நோயை நான்கு கட்டங்களாகப் பிரித்திருக்கிறது. லிட்டருக்கு 140 மைக்ரோமோலுக்குக் கீழ் முதல் கட்டம், 250 வரை இரண்டாவது, 440 வரை மூன்றாவது, அதற்கு மேல் நான்காவது. மெலிந்த கிழப் பூனைக்குத் தசை குறைவு. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவதால் எண் பொய்யாகக் குறைந்து காட்டக்கூடும். அதனால் நல்ல மருத்துவர் இரத்தத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்வதில்லை.

வெயிலா, நோயா என்பதை வீட்டிலேயே ஓரளவு சோதிக்கலாம். காலையில் கிண்ணத்தில் 300 மில்லிலிட்டர் அளந்து ஊற்றுங்கள். அதே அளவு, அதே வடிவக் கிண்ணம் இன்னொன்றை அருகிலேயே, பூனை நெருங்க முடியாதபடி கம்பிக்கூடைக்குள் வையுங்கள். மறுநாள் இரண்டையும் அளந்தால், ஆவியானது எவ்வளவு, பூனை குடித்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லலாம். இரண்டாவது கிண்ணம்தான் நீங்கள் ஆய்வுக்கூடத்தில் வைக்கும் கட்டுப்பாட்டுச் சோதனை. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 50 மில்லிலிட்டரைத் தாண்டி நாள்தோறும் குடித்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நீரிழிவிலும் தைராய்டு நோயிலும் இதே தாகம் வரும் என்பதால் நோயின் பெயரை நாமே வைத்துவிடக் கூடாது. தண்ணீரை ஒளித்துவைப்பது மட்டும் ஒருபோதும் வேண்டாம்.

இனிப் பராமரிப்பு. இழந்த நெஃப்ரான்கள் செய்த வேலைகளை நாம் வெளியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துகொடுப்பதுதான் அது. உலர்ந்த பூனை பிஸ்கட்டில் நூற்றுக்குப் பத்துப் பங்குதான் நீர். வேகவைத்த மீனிலோ டின் உணவிலோ முக்கால் பங்குக்கு நெருக்கமாக நீர் உண்டு. பிஸ்கட்டிலிருந்து ஈர உணவுக்கு மாற்றினாலே, பூனை அறியாமல் நாளொன்றுக்கு ஒரு கோப்பைக்குச் சற்றுக் குறைவான நீர் உள்ளே போகிறது.

இங்கே நம் வீட்டுப் பழக்கங்கள் சிலவற்றைப் பேசியாக வேண்டும். கெம்போங் மீனை உப்பில்லாமல் வேகவைத்து முள் நீக்கி அவ்வப்போது கொடுக்கலாம். நெத்திலிக் கருவாடு கூடாது: உப்பு ஒருபக்கம், எலும்போடு தின்பதால் பாஸ்பரஸ் மறுபக்கம். மீன் குழம்பைச் சோற்றில் பிசைந்து வைப்பது அதைவிட மோசம். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சிவப்பணு உண்டாக்கத் தூண்டும் எரித்ரோபொயட்டின் ஹார்மோனைச் சுரப்பதே சிறுநீரகம்தான். நோயுற்ற பூனைக்கு ஏற்கெனவே இரத்தசோகை இருக்கும். வலிக்கிறதோ என்று இரக்கப்பட்டு நாம் விழுங்கும் பெனடோலைப் பொடித்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரே மாத்திரை பூனையைக் கொல்லப் போதும்.

பாஸ்பரஸ் ஏன் இவ்வளவு முக்கியம்? நலமான சிறுநீரகம் உபரிப் பாஸ்பரஸைச் சிறுநீரில் கழித்துவிடும். அது முடியாதபோது இரத்தத்தில் தேங்கும். கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி அதைச் சமன்செய்ய முயன்று எலும்பைக் கரைக்கும். கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்து சிறுநீரகத்திலேயே படிந்து மிச்ச நெஃப்ரான்களையும் கெடுக்கும். இதனால்தான் பாஸ்பரஸும் புரதமும் குறைத்த சிறப்பு உணவைப் பரிந்துரைக்கிறார்கள்.

அந்த உணவு உண்மையிலேயே உதவுகிறதா என்று பார்த்த இரண்டு ஆய்வுகள் உங்களுக்குப் பயன்படும். 2000ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளியான ஆய்வில் 50 பூனைகள். சிறப்பு உணவை ஏற்றுக்கொண்டவை நோய் கண்டறிந்த பின் நடுநிலைக் கணக்கில் 633 நாள் வாழ்ந்தன. பழைய உணவிலேயே இருந்தவை 264 நாள். இரண்டு மடங்குக்கும் மேல்! ஆனால் சற்று யோசியுங்கள். எந்தப் பூனை எந்தக் குழுவில் சேர்வது என்பதை யார் முடிவு செய்தது? பெரும்பாலும் பூனையும் அதை வளர்ப்பவரும்தான். சிறப்பு உணவை மறுத்த பூனைகள், நோய் முற்றிக் குமட்டலோடு இருந்ததால் மறுத்திருக்கலாம் அல்லவா? அப்படியானால் வித்தியாசம் முழுவதும் உணவால் வந்தது என்று சொல்ல முடியாது. 2006இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு இந்த ஓட்டையை அடைத்தது. 45 பூனைகளைக் குருட்டுத் தேர்வில் இரண்டாகப் பிரித்து இரண்டு ஆண்டுவரை கவனித்தார்கள். சாதாரண உணவு தின்ற 23 பூனைகளில் 6 பூனைகளுக்குக் கழிவு நச்சு ஏறிய நெருக்கடி வந்தது. சிறப்பு உணவு தின்ற 22இல் ஒன்றுக்கும் வரவில்லை. அதன் பிறகே இந்தப் பரிந்துரை உறுதியான காலில் நிற்கிறது என்பது என் கருத்து.

ஆய்வு அப்படிச் சொன்னாலும் பூனை தின்றால்தானே! எங்கள் பூனை முதல் நாள் அந்த உணவை மோந்து பார்த்துவிட்டு, மண்ணைத் தள்ளி மூடுவதுபோல் தரையைப் பிறாண்டியது. பழைய உணவில் ஒரு கரண்டி புதியதைக் கலந்து, சற்றுச் சூடாக்கி, மூன்று வாரத்தில் மெல்ல மாற்றினோம். பட்டினி போட்டால் தானாக வழிக்கு வரும் என்ற உத்தி பூனையிடம் ஆபத்தானது. சில நாள் தின்னாமல் இருந்தாலே அதன் கல்லீரலில் கொழுப்பு அடைந்து புதிய நோய் தொடங்கிவிடும். தீண்டாமல் கிடக்கும் சிறப்பு உணவைவிடத் தின்னும் சாதாரண உணவு மேல்.

நோய் முற்றும்போது வாய்வழி நீர் போதாது. அப்போது தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கூடாரம்போல் தூக்கி, ஊசிவழியே உப்புநீர்க் கரைசலை இறக்குவார்கள். பூனையின் தோல் தளர்வானது. உள்ளே இறங்கிய நீர் ஒரு கட்டிபோலத் திரண்டு, சில மணி நேரத்தில் இரத்தத்தில் கலந்துவிடும். நாலு கிலோ பூனைக்கு ஒரு முறைக்கு 100 மில்லிலிட்டர் அளவில் கொடுப்பது வழக்கம். அளவையும் இடைவெளியையும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இதயம் பலவீனமான பூனைக்கு இதுவே நுரையீரலில் நீர் சேர்க்கும். வீட்டிலேயே செய்ய மருத்துவர் கற்றுக்கொடுப்பார். முதல் தடவை என் கை நடுங்கியது, பூனை நடுங்கவில்லை.

பையில் உள்ள கரைசலுக்கும் ஒரு கதை உண்டு. 1880களில் லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர், தவளையின் இதயத்தை உப்புநீரில் துடிக்கவைக்கும் சோதனைகள் செய்துவந்தார். உதவியாளர் காய்ச்சி வடித்த நீருக்குப் பதிலாகக் குழாய்நீரில் கரைசல் தயாரித்த நாள்களில் இதயம் நீண்ட நேரம் துடித்தது. தூய நீரில் சீக்கிரம் நின்றது. குழாய்நீரில் இருந்த கால்சியமே காரணம் என்று ரிங்கர் கண்டறிந்தார். பின்னர் 1930களில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அலெக்சிஸ் ஹார்ட்மன் அதில் லேக்டேட் சேர்த்தார். ஹார்ட்மன் கரைசல் என்று இன்று மருத்துவமனைகளில் தொங்கும் பை அதுதான்.

பூனைகளுக்கு மட்டும் ஏன் இந்த நோய் இவ்வளவு அதிகம்? ஜப்பானிய ஆய்வாளர் தோரு மியாசாக்கி ஒரு விளக்கம் தந்திருக்கிறார். இரத்தத்தில் ஏஐஎம் என்ற புரதம் இருக்கிறது. சிறுநீரகத்தில் செத்த அணுக்கள் குழாய்களை அடைக்கும்போது, அது தன்னைத் தாங்கியிருக்கும் பெரிய புரதத்திலிருந்து கழன்று சென்று, குப்பையை அகற்ற அடையாளமிடுகிறது. பூனையில் இந்தப் பிடிப்பு எலியைவிடச் சுமார் ஆயிரம் மடங்கு வலுவானது; அதனால் கழல்வதில்லை, அடைப்பும் நீங்குவதில்லை என்று 2016இல் அவர் குழு எழுதியது. 2021இல் நிதியின்றி ஆய்வு தடைப்பட்ட செய்தி வந்ததும் ஜப்பானியப் பூனைப் பிரியர்கள் ஆயிரக்கணக்கில் நன்கொடை அனுப்பினார்கள். மருந்தாக்கும் முயற்சி தொடர்கிறது.

இப்போதுள்ள சிகிச்சை நோயைத் தள்ளிப்போடுமே தவிரக் குணமாக்காது. ஒரு கட்டத்தில் ஊசியும் மருந்தும் பூனைக்காகவா, நமக்காகவா என்ற கேள்வி வீட்டில் எழும். வாயில் புண், அமோனியா நெடி, நாள்கணக்கில் பசியின்மை, தன்னை நக்கிச் சுத்தம் செய்யாமை, கூப்பிட்டால் திரும்பாமை ஆகியவற்றை மருத்துவர் கேட்டுக் குறித்துக்கொள்வார். வலியின்றி உயிர் பிரியச் செய்யும் ஊசியைப் பற்றி அவர் பேசினால் அது கைவிடுதல் அல்ல. சில குடும்பங்கள் அதை ஏற்கும், சில குடும்பங்களின் நம்பிக்கை இடம் தராது. ஆனால் பூனை எப்படி இருக்கிறது என்பதை ஊகத்தால் அல்லாமல் குறிப்பைக் கொண்டு பேசுவது இருசாராருக்கும் உதவும்.

அம்மா ஒவ்வொரு ஞாயிறும் பூனையை எடைபோட்டுப் பழைய நாட்குறிப்பில் எழுதிவந்தார். நோய் கண்டபோது 3.4 கிலோ. ஈர உணவுக்குப் பழகியபின் 3.7 வரை ஏறி ஓராண்டுக்கு மேல் அங்கேயே நின்றது. பிறகு 3.3, 3.0, 2.8. கடைசி ஞாயிறு 2.5 என்று எழுதிவிட்டு, "நாளைக்கு டாக்டர்கிட்ட கொண்டு போயிடலாம்பா" என்றார். போனோம்.