ஒன்பது மணி, ஒன்பது நிமிடம்

கேள்வி: 2020 ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு நாடெங்கும் 9 நிமிடம் விளக்குகளை அணைத்தோம். மின்சாரம் மிச்சமாவது நல்லதுதானே? மின் பொறியாளர்கள் ஏன் அவ்வளவு கவலைப்பட்டார்கள்?
– வாசகி ஒருவர், திண்டுக்கல்

பதில்: அருமையான கேள்வி அம்மா. நாம் செலவழிக்காத மின்சாரம் எங்கோ சேர்ந்திருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால், கம்பியில் மின்சாரம் தங்காது. இந்த நொடியில் உங்கள் மின்விசிறி இழுக்கும் மின்சாரம் இந்த நொடியில்தான் உற்பத்தியாகிறது. கோவை மாவட்டத்துக் காடம்பாறை போன்ற நிலையங்கள் உபரி மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரை மேலணைக்கு ஏற்றி வைப்பதுண்டு. மொத்தத் தேவையில் அது சிறு பங்குதான்.

தேவை சட்டென்று விழுந்தால், பாரம் இறங்கிய வண்டிமாடுகள்போல டர்பைன்கள் வேகமெடுக்கும். அதிர்வெண், அதாவது மின்னோட்டம் நொடிக்கு எத்தனை முறை திசை மாறித் திரும்புகிறது என்ற கணக்கு, நம் நாட்டில் 50 ஹெர்ட்ஸ். அது எல்லை மீறினால் இயந்திரங்கள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமாகவே நின்றுவிடும். அப்படி ஒவ்வொன்றாக நின்றால் ஊரெல்லாம் இருட்டுதான்.

ஆக, விளக்கை அணைப்பதில் தவறில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் அணைத்து, ஒரே நேரத்தில் போடுவதுதான் சிக்கல். அனல்மின் நிலையத்தை நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் என்றுதான் ஏற்றி இறக்க முடியும். நீர்மின் நிலையமோ சில நிமிடங்களில் சொன்னபடி கேட்கும். அதனால் அன்று மாலைத் தேவையை அனல், எரிவாயு நிலையங்களை வைத்துச் சமாளித்து, அணைத் தண்ணீரைக் கையிருப்பாக வைத்துக்கொண்டார்கள். 9 மணி நெருங்கியபோது அனலை மெல்ல இறக்கி, அந்த இடத்தில் நீர்மின் உற்பத்தியை ஏற்றினார்கள். விளக்குகள் அணைய அணைய, 25,559 மெகாவாட்டாக இருந்த நீர்மின் உற்பத்தியை 8,016-க்குக் கொண்டுவந்தார்கள். தேவை 12,000 முதல் 14,000 மெகாவாட் வரை குறையும் என்பது கணிப்பு, குறைந்ததோ 31,089! அப்படியும் அதிர்வெண் 49.70-க்கும் 50.26-க்கும் இடையிலேயே இருந்தது. மின்சுமை பகிர்வு மையங்களில் அன்றிரவு பணியில் இருந்தவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

மற்ற நாட்களில் நீங்கள் சிக்கனம் பார்ப்பது நல்லதே. விலை குறைந்த மின்சாரத்தை முதலிலும் விலை கூடியதைக் கடைசியிலும் எடுப்பார்கள். ‘மெரிட் ஆர்டர்’ என்பது இந்த வரிசைதான். மாலை உச்ச நேரத்தில் விலை கூடிய நிலையங்களையும் ஓட்ட வேண்டியிருக்கும். எனவே, தேவையில்லாத விளக்கைத் தயங்காமல் அணையுங்கள். மோட்டார் போடுவதையும் துணி துவைப்பதையும், சூரிய மின்சாரம் கிடைக்கும் வெயில் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.