எஸ்போசிதோ என்றால் என்ன?

நம்ம பெயருக்கு முன்னால் அப்பாவின் இனிஷியல் வரும். இத்தாலி நாட்டில் பெயருக்குப் பின்னால் குடும்பப் பெயர் வரும். 2022 வரை அதுவும் அப்பாவிடமிருந்துதான் வந்தது. சரி, அப்பா யாருன்னே தெரியாத குழந்தைக்கு?

நேப்பிள்ஸ் நகரில் அன்னுன்சியாத்தா என்ற அநாதை இல்லத்தின் சுவரில் மரத்தாலான சுழலும் பெட்டி ஒன்று இருந்தது. வளர்க்க வழியில்லாத தாய் தெருவில் நின்றபடியே குழந்தையை அதில் வைத்துச் சுற்றிவிடுவாள். உள்ளே இருப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். தாயின் முகம் யாருக்கும் தெரியாது. 1875-இல்தான் அதை மூடினார்கள்.

அப்படி வந்த குழந்தைகளுக்கு வைத்த பெயர்தான் எஸ்போசிதோ. லத்தீன் மொழியில் ‘வெளியே வைக்கப்பட்டவர்’ என்று அர்த்தம். பாவம், பெயரைச் சொன்னாலே ஊருக்கெல்லாம் விஷயம் தெரிஞ்சிடும்! எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஃப்ளாரன்ஸ் நகரம் பரவாயில்லை. அங்கே 1445-இல் திறந்த இல்லத்துப் பிள்ளைகளுக்கு ‘இன்னொசென்தி’, அதாவது குற்றமற்றவர்கள் என்று பெயர் வைத்தார்கள். மிலான் நகரில் பலருக்குக் கொலம்போ. அப்படியென்றால் புறா. அங்கே மருத்துவமனையின் சின்னம் புறா.

எஸ்போசிதோ பிள்ளைகளும் வளர்ந்து, கல்யாணம் செய்து, பேரன் பேத்தி எடுத்தார்கள். இன்று இத்தாலியில் மிக அதிகம் பேருக்கு உள்ள குடும்பப் பெயர்களில் அதுவும் ஒன்று. நேப்பிள்ஸில் அதுதான் முதலிடம். அங்கே தெருவில் நின்று “எஸ்போசிதோ!” என்று கூப்பிட்டால் எத்தனை பேர் திரும்பிப் பார்ப்பாங்களோ!