மூன்று பாட்டில்களும் ஒரு கறவை மாடும்

எட்டாம் வகுப்பில் நுண்ணுயிரிகள் பாடத்தைத் தொடங்கவிருந்த வாரம் அது. மாணவி ஒருத்தி இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் காரணம் கேட்டேன்.

"மாடு கன்னு போட்டுச்சு சார். அப்புறம் தீனியே எடுக்கல, அசையும் போடல. டாக்டர் வந்து ஊசி போட்டாரு."

என்ன கொடுத்தீர்கள் என்றேன். "பெத்த உடம்பு, தெம்பு வரணும்னு ஆயா குண்டான் நெறைய அரிசிக் கஞ்சி காய்ச்சி வெச்சாங்க."

அரக்கோணத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் நம் மாணவர் பலரது வீட்டில் ஓரிரு கறவை மாடுகள் உண்டு. சங்கத்தில் ஊற்றும் பாலில்தான் மளிகைக் கடன் அடைகிறது. அன்பினால் வைத்த கஞ்சி மாட்டைப் படுக்க வைத்தது எப்படி? இந்தக் கேள்வியிலிருந்தே பாடத்தைத் தொடங்கினேன்.

செயல்பாடு 1: இட்லி மாவு

அன்று அரைத்த மாவையும் முதல் நாள் அரைத்துப் புளித்த மாவையும் கொண்டுவரச் செய்தேன். புளித்த மாவில் நீல லிட்மஸ் தாள் நன்றாகச் சிவந்தது. மாவைப் புளிக்க வைப்பது ஈஸ்ட் என்று பலர் சொன்னார்கள். அதில் பெரும்பங்கு லாக்டிக் அமில பாக்டீரியாக்களுடையது என்று திருத்தினேன்.

பிறகு கரும்பலகையில் மாட்டின் நான்கு அறை இரைப்பையை வரைந்தேன். ரூமென் எனப்படும் முதல் அறை சுமார் நூறு லிட்டர் கொள்ளும். அங்கே காற்றில்லாச் சூழலில் கோடானுகோடி நுண்ணுயிரிகள் வைக்கோலையும் புல்லையும் மெல்ல நொதிக்கச் செய்கின்றன. திடீரென அரிசி நிறைய வந்தால், மாவுச்சத்தை வேகமாக நொதிக்கும் பாக்டீரியாக்கள் பெருகி லாக்டிக் அமிலத்தைக் குவிக்கும். வழக்கமாக 6-க்கு மேல் இருக்கும் பி.எச். 5.5-க்கும் கீழே இறங்கினால், நாரைச் செரிக்கும் பாக்டீரியாக்கள் முடங்கும். மாடு அசைபோடுவதை நிறுத்தும். மாட்டுப் பொங்கலன்று அளவுக்கு மீறிப் பொங்கல் தின்ற மாடுகள் நோயுறுவதும் இதனால்தான்.

கன்று ஈனுவதற்கு மூன்று வாரம் முன்பும் மூன்று வாரம் பின்பும் மாட்டுக்கு மாறுதல் காலம். ஈனும் நாள் நெருங்க நெருங்கத் தீனி குறையும். ஈன்ற பின் பால் வேகமாகக் கூடும். பசியோ மெதுவாகத்தான் திரும்பும். அந்தப் பற்றாக்குறையை ஈடுகட்ட நாம் அரிசியையும் அடர்தீவனத்தையும் ஒரேயடியாகக் கூட்டுகிறோம். நுண்ணுயிரிகள் புதிய தீனிக்குப் பழகச் சில வாரங்கள் வேண்டும்.

செயல்பாடு 2: மூன்று பாட்டில்கள்

மாடு தேறியதும், மருத்துவர் எழுதிக் கொடுத்த ஈஸ்ட் கலந்த தீவனச் சேர்க்கைப் பொட்டலத்தை மாணவி வகுப்புக்குக் கொண்டுவந்தாள். ஈஸ்ட் உயிருள்ளதா என்று பார்ப்போம் என்றேன். கடையில் வாங்கிய ரொட்டி ஈஸ்ட்டை வைத்துச் சோதனை செய்தோம்.

மூன்று பாட்டில்களிலும் ஒரே அளவு நீர், ஒரு கரண்டி சர்க்கரை, ஒரு கரண்டி ஈஸ்ட், வாயில் பலூன். முதலாவதில் ஐஸ் நீர். இரண்டாவதில் கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீர். மூன்றாவதற்கு, அப்போதுதான் கொதித்த நீரில் ஈஸ்ட்டைக் கலந்து, ஆறவைத்து ஊற்றினோம். (கொதிநீரை ஆசிரியரே கையாள வேண்டும்.) முடிவை முன்கூட்டியே ஊகித்து எழுதச் சொன்னேன்.

பாடவேளை முடிவதற்குள் இரண்டாவது பலூன் நிமிர்ந்தது. ஐஸ் நீர்ப் பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வைத்ததும் அதுவும் மெல்ல உப்பியது. மூன்றாவது அசையவே இல்லை. குளிரில் உறங்கும், கொதியில் சாகும் என்று மாணவர்களே முடிவு சொன்னார்கள்.

மாணவி எழுந்தாள். "சார், ஆயா அந்தப் பொடியைக் கொதிக்கிற கஞ்சியிலதான் கலக்குறாங்க!"

பொட்டலத்தில் உயிருள்ள ஈஸ்ட் என்றே அச்சிட்டிருந்தது. அன்று மாலையே அவள் வீட்டில் சொல்லிவிட்டாள். மறுநாள் முதல் பொடி உலர்ந்த தவிட்டில் கலக்கப்பட்டது.

ஒரு நல்ல கேள்வி

"பலூன் மாதிரி மாட்டு வயிறும் ஊதிடாதா சார்?" என்றான் ஒருவன். நாம் தருவது சில கிராம் மட்டுமே. ரூமெனில் எப்போதும் உருவாகும் வாயுவை மாடு ஏப்பமாக வெளியேற்றிவிடுகிறது. அங்கே ஈஸ்ட்டின் பணி வேறு. தீனியோடு உள்ளே செல்லும் சிறிதளவு ஆக்சிஜனை அது எடுத்துக்கொள்கிறது. அதனால் காற்றை வெறுக்கும் நார் செரிக்கும் பாக்டீரியாக்கள் செழிக்கின்றன. லாக்டிக் அமிலத்தை உண்ணும் பாக்டீரியாக்களுக்கும் அது ஊக்கம் தருகிறது. ரூமெனில் ஈஸ்ட் நிலையாகக் குடியேறுவதில்லை. ஆகவே நாள்தோறும் தர வேண்டும்.

அது மருந்தும் ஆகாது. பசுந்தீவனத்துக்கும் தாது உப்புக் கலவைக்கும் மாற்றும் ஆகாது. கால்சியம் குறைவால் வரும் பால் காய்ச்சலை அது தடுக்காது. மாடு தீனி எடுக்காவிட்டால் கால்நடை மருந்தகத்துக்குச் செல்ல வேண்டும். அல்லது 1962 என்ற எண்ணில் அழைக்க வேண்டும். இவற்றையும் வகுப்பில் சொல்லிவிடுவது நம் கடமை.

செயல்பாடு 3: ஈஸ்ட்டால்தான் கூடியதா?

இரண்டு வாரம் கழித்து மாணவி மகிழ்ச்சியோடு வந்தாள்: "பால் ஏறிடுச்சு சார், ஈஸ்ட்டாலதான்!" நான் பாராட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை, வகுப்பின் முன் வைத்தேன். கஞ்சியை நிறுத்தியது, சிகிச்சை, பசுந்தீவனம், ஈன்ற சில வாரங்களுக்குப் பால் இயல்பாகவே ஏறுவது என நான்கு காரணங்களை மாணவர்களே பட்டியலிட்டார்கள். எதனால் கூடியது என்று அறிய, எல்லாவற்றையும் ஒன்றுபோல் வைத்து ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். பாட்டில்களில் நாம் செய்தது அதுதான்.

ஈஸ்ட் தந்தால் பால் ஓரளவு கூடுவதாகவே ஆய்வுத் தொகுப்புகள் காட்டுகின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை அதிகம் கறக்கும் மாடுகளில் நடந்தவை. நம் வீட்டு மாட்டுக்குக் கட்டுபடியாகுமா? ஒரு நாள் பொடியின் விலைக்கு எத்தனை மில்லி பால் கூடினால் ஈடாகும் என்று அவரவர் ஊர்ப் பால் விலையை வைத்துக் கணக்கிடச் செய்தேன்.

மதிப்பீட்டுக்கு இரண்டு வினாக்கள்:

1. ஈன்ற மாட்டுக்குத் தீனியை ஏன் படிப்படியாகக் கூட்ட வேண்டும்?
2. உயிருள்ள ஈஸ்ட்டை எங்கே வைப்பாய், எதில் கலப்பாய்? ஏன்?

இரண்டாம் வினாவுக்கு, வழக்கமாகத் தேர்வில் தடுமாறும் மாணவர்களும் முழு விடை எழுதினார்கள். விடை அவர்கள் வீட்டுக் கொட்டகையில் இருந்தது. அதைக் கேட்க ஒரு வினா மட்டுமே நம்மிடமிருந்து தேவைப்பட்டது.