வெளி ஃபில்டர் போட்டால் வாரண்டி போய்விடுமா?

கேள்வி: சூலூர் பக்கத்துல இருந்து எழுதறேன். 2022-ல ஃபைனான்ஸ் போட்டு பத்து வீல் லாரி வாங்கினேன், விலை 36 லட்சம். நானேதான் ஓட்டறேன், மாத்து டிரைவர் ஒருத்தர் கூட வருவாரு. வாரண்டி இருக்கறப்பவே, சர்வீஸ் சென்டர்ல ஆயில் ஃபில்டர் ஸ்டாக் இல்லைன்னு சொன்னதால கோயமுத்தூர் கடையில வேற பிராண்டு வாங்கிப் போட்டேன். மூணு மாசம் கழிச்சு தாராபுரம் ரோட்டுல இன்ஜின் ஜாம் ஆயிருச்சுங்க. "வெளி ஃபில்டர் போட்டிருக்கு, வாரண்டி இல்லை"ன்னு ஜாப் கார்டுல எழுதிக் கொடுத்துட்டாங்க. வண்டி ஓடினாத்தானே டியூ கட்ட முடியும்? வெளி வொர்க்‌ஷாப்ல 3.40 லட்சம் செலவு பண்ணி வேலை பார்த்தேன். இன்ஜின் ஜாம் ஆகி 20 மாசம் ஆச்சு. பழைய கிராங்க், பேரிங், ஃபில்டர் எல்லாம் வொர்க்‌ஷாப்லயே கிடக்குதுன்னு மெக்கானிக் சொல்றாரு. ஃபில்டருக்குப் பில் வாங்கலீங்க. கேஸ் போட முடியுங்களா? இனிமேல் கம்பெனி பார்ட்ஸ் மட்டும்தான் போடணுங்களா?

பதில்: வழக்குப் போடலாம். ஆனால் இதைப் படித்த கையோடு வொர்க்‌ஷாப்புக்குப் போய், அந்தப் பழைய பாகங்களை இரும்புக் கடைக்குப் போட்டுவிடாமல் காப்பாற்றுங்கள். உங்கள் வழக்கே அந்த மூலையில்தான் கிடக்கிறது.

வெளி ஃபில்டர் போட்டீர்களா இல்லையா என்பது இங்கே பிரச்சினை இல்லை. போட்டதை நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். இன்ஜின் ஜாம் ஆனதற்கு அந்த ஃபில்டர் காரணமா என்பதுதான் வழக்கைத் தீர்மானிக்கும். ஃபில்டரின் காகிதம் நசுங்கி எண்ணெய் ஓட்டம் தடைபட்டு பேரிங் கடித்திருக்கலாம். ஆயில் பம்பே பழுதாகியிருக்கலாம். ஹெட் கேஸ்கெட் வழியாகத் தண்ணீர் இறங்கி எண்ணெய் கெட்டிருக்கலாம். கடைசி இரண்டில் ஒன்று நடந்திருந்தால் ஃபில்டர் எந்தப் பிராண்டாக இருந்தாலும் இன்ஜின் போயிருக்கும். வாரண்டியில் இருக்கும் விலக்கைக் காட்டிப் பணம் தர மறுப்பவர்தான், அந்த விலக்குப் பொருந்துகிறது என்று நிரூபிக்க வேண்டும். உங்கள் ஜாப் கார்டில் ஒற்றை வரி மட்டும் இருந்து, இன்ஜினைப் பிரித்துப் பார்த்த அறிக்கையோ ஆயில் பரிசோதனை முடிவோ இல்லை என்றால், அதுதான் உங்கள் கையில் இருக்கும் பலமான ஆவணம். கம்பெனித் தரப்பு வேறு எங்கே போகும்? உங்கள் சர்வீஸ் பதிவுகளுக்குப் போகும். ஆயில் மாற்றியதற்கும் பில் இல்லை என்றால், "உரிய கிலோமீட்டரில் ஆயிலே மாற்றவில்லை" என்று வாதம் வரும். அதற்கு உங்கள் பதில் என்ன?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் பிரிவு 38, பழுதுபட்ட பொருளை முத்திரையிட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. நீங்களாக எதையும் கழுவவோ, அறுத்துப் பார்க்கவோ வேண்டாம். இருக்கும் நிலையிலேயே படம் எடுத்து, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் பையில் போட்டுக் கட்டி, தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். எந்த நிலையில் பிரித்தார், என்ன பார்த்தார் என்று மெக்கானிக்கிடம் எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்தது காலக்கெடு. இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். அதே சட்டத்தின் பிரிவு 69-இன்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். கம்பெனி மறுத்த நாளிலிருந்து எண்ணினால் இன்னும் நான்கு மாதம் இருப்பதாகத் தோன்றும். ஆனால் கடைக்காரரின் வக்கீல் ஃபில்டர் விற்ற நாளிலிருந்துதான் எண்ணுவார். அப்படி எண்ணினால் 23 மாதம் முடிந்துவிட்டது, மிச்சம் ஒரே மாதம். டியூ, லோடு, டீசல் என்று ஓடிக்கொண்டிருந்தீர்கள், புரிகிறது. ஆனால் 3.40 லட்ச ரூபாயைத் தொலைத்துவிட்டு 20 மாதம் ஒரு பதிவுத் தபால்கூட அனுப்பாமல் இருந்ததை எந்த ஆணையத்தில் எப்படி விளக்குவது? போதிய காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்க அதே பிரிவில் வழி உண்டு. வேலைப்பளு அப்படிப்பட்ட காரணம் ஆகாது. "பேசிக்கொண்டிருந்தோம்" என்பதும் ஆகாது. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தாலும் கெடு நிற்காது.

பில் விஷயத்துக்கு வருகிறேன். கொங்கு நாட்டில் லாரி வைத்திருப்பவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறு இது. ஜிஎஸ்டி பில் போட்டால் விலை கூடும் என்று கடைக்காரர் சொல்வார், சரி என்று துண்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம். அன்றைக்கு மிச்சமானது சில நூறு ரூபாய். இப்போது ஆய்வில் ஃபில்டர்தான் காரணம் என்று வந்தால், கம்பெனி தப்பிக்கும். "நான் விற்கவே இல்லை" என்று கடையும் தப்பிக்கும். ஜிபேயில் பணம் கொடுத்திருந்தால் வங்கி ஸ்டேட்மென்ட் எடுங்கள். கடைக்காரரோடும் மெக்கானிக்கோடும் நடந்த வாட்ஸ்அப் பேச்சு இருந்தால் அழிக்காதீர்கள். பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 63-இன்படி சான்றிதழோடு அதைத் தாக்கல் செய்யலாம். "ஸ்டாக் இல்லை" என்று சர்வீஸ் சென்டர் சொன்னதற்கு ஒரு குறுஞ்செய்தி கிடைத்தாலும் அது பெரிய உதவி. புகாரில் லாரி கம்பெனி, டீலர், கடைக்காரர் மூவரையும் சேர்ப்பதே பாதுகாப்பு.

லாரி வணிகத்துக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோரே அல்ல என்பார்கள். பீளமேடு பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டுக்கு எதிராக லக்ஷ்மி இன்ஜினீயரிங் வொர்க்ஸ் நடத்திய வழக்கில், 1995 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. அங்கே இயந்திரம் வாங்கிய நிறுவனம் தோற்றது. ஆனால் பிழைப்புக்காகத் தானே ஓட்ட லாரி வாங்கியவர் நுகர்வோர்தான், துணைக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்த நிலை மாறாது என்று அதே தீர்ப்பு சொல்கிறது. நீங்கள் அந்த வரையறைக்குள் வருகிறீர்கள். உங்கள் பெயரில் வேறு வண்டிகள் ஓடினால் நிலைமை மாறும், வக்கீலிடம் மறைக்காதீர்கள். குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம் என்பதால் கோவை மாவட்ட ஆணையமே போதும். கட்டணம் நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல, கொடுத்த விலையை வைத்து. 36 லட்சத்துக்கு 1,000 ரூபாய்.

2014-இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்ததை யாராவது உங்களிடம் சொல்வார்கள். உதிரிபாகங்களை வெளிச்சந்தைக்கு விடாததும், வெளியே பழுது பார்த்தால் வாரண்டி ரத்து என்பதும் அந்த வழக்கில் கேள்விக்கு உள்ளாயின. ஆனால் அது கார்களைப் பற்றியது, வேறு சட்டம், மேல்முறையீட்டுக்கும் போனது. அதை நம்பி மட்டும் வழக்கை நடத்த வேண்டாம்.

இனி எந்த பார்ட்ஸ் என்பது. கம்பெனிப் பெட்டியில் வருவது ஒன்று. கம்பெனிக்குச் செய்து கொடுப்பவரே தன் பெயரில் விற்பது இன்னொன்று. பெயருள்ள வேறு தயாரிப்பாளரின் மாற்றுப் பாகம் மூன்றாவது. இவை மூன்றும் சட்டப்படியான சரக்கு. டூப்ளிகேட் அப்படியல்ல, பிறர் முத்திரையைப் போட்டு விற்பது வணிகக் குறியீடுகள் சட்டம் 1999-இன்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம். வாரண்டி முடியும்வரை எண்ணெயும் டீசலும் போகும் பாதையில் இருக்கும் ஃபில்டர், இன்ஜெக்டர், பம்பு போன்றவற்றைக் கம்பெனி பார்ட்ஸாகவே போடுங்கள். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 இன்ஜின்கள், பழைய வண்டிகளைப் போல மட்டமான பாகத்தைத் தாங்காது. "கம்பெனி பாகம் மட்டும்" என்று இருக்கிறதா, "கம்பெனி பரிந்துரைத்தது" என்று இருக்கிறதா என்று வாரண்டிப் புத்தகத்தைப் பாருங்கள். அந்த ஒரு சொல்லில் வழக்கு மாறும். வாரண்டி முடிந்த பிறகு எதைப் போடுவது என்பது உங்கள் விருப்பம், உங்கள் மெக்கானிக்கின் அனுபவம். எதைப் போட்டாலும் பார்ட் நம்பரோடு ஜிஎஸ்டி பில் வாங்குங்கள், பெட்டியையும் பத்திரப்படுத்துங்கள்.

உங்கள் கடிதத்தை மட்டும் வைத்து எழுதிய பொதுவான பதில் இது. ஜாப் கார்டையோ வாரண்டிப் புத்தகத்தையோ நான் பார்க்கவில்லை. இந்த வாரமே அவற்றையும் ஆர்சி, ஃபைனான்ஸ் ஒப்பந்தம், வொர்க்‌ஷாப் ரசீது ஆகியவற்றையும் எடுத்துக்கொண்டு, நுகர்வோர் வழக்கு நடத்தும் வழக்கறிஞரை நேரில் பாருங்கள். அடுத்த லோடு ஏற்றுவதற்கு முன் போங்கள்.