உடற்கூறு பாடத்தில் விடுபடும் பக்கம்

பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கல்வி புகட்டும் கிறிஸ்தவக் குடும்பங்கள் சில எம்மிடம் சிகிச்சைக்கு வருவதுண்டு. 139ஆம் சங்கீதத்தை வாசித்து உடற்கூறு பாடத்தைத் தொடங்குவதாகப் பெற்றோர் கூறுவர். பிள்ளைகளும் கை முஷ்டியைக் காட்டி இதயத்தின் அளவு இதுவே என்பர். வளர்ந்தவர்க்கு எலும்புகள் 206 என்பர். இதயம் மார்பின் நடுவே சற்று இடப்புறம் சாய்ந்திருப்பதைச் சொல்வதோடு எங்கள் திருத்தம் முடிந்துவிடும்.

எனினும், இடுப்புக்குக் கீழுள்ள பக்கம் பெரும்பாலும் புரட்டப்படுவதில்லை. (பள்ளிக்கு அனுப்பும் வீடுகளிலும் இதே நிலைதான்.) விதை முறுக்கம் என்றொரு நோய் உண்டு. விதைப்பையினுள் விதையைத் தாங்கும் நாண் முறுக்கிக்கொள்வதால் இரத்த ஓட்டம் தடைப்படும். வலி தொடங்கிய சுமார் 6 மணி நேரத்திற்குள் அறுவை சிகிச்சை செய்தால் பெரும்பாலும் விதையைக் காப்பாற்றலாம். பிந்தினால் அகற்ற நேரிடலாம். சிறுவனோ கூச்சத்தால் வயிறு வலிக்கிறது என்கிறான். சிலருக்கு அவ்வலி உண்மையிலேயே அடிவயிற்றில்தான் தெரியும். ஓமத்தண்ணீர் கொடுத்து, விடியட்டும் என்று காத்திருந்து வருவோரைக் காண்கையில் எங்களுக்கு மனம் கனக்கிறது.

ஆகவே, முழங்காலையும் விலாவையும் சொல்லித்தரும் அதே குரலில் இவ்வுறுப்புகளின் சரியான பெயர்களையும் சொல்லித்தாருங்கள். சிரிப்பும் வேண்டா, அதட்டலும் வேண்டா. படைத்தவரின் கைவேலையில் ஒரு பகுதியை மட்டும் பெயரின்றி விடுவானேன்? அங்கே திடீரென வலித்தால் நள்ளிரவாயினும் அப்பாவை எழுப்பலாம் என்பதையும் அன்றே கூறிவிடுங்கள். எழுப்பினால், காலைவரை காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.