ஒட்டாத எலும்பும் அச்சடித்த எலும்பும்

கேள்வி: டொக்டர், எங்கள் வீடு ரத்தோட்டைப் பக்கம். போன வருஷம் மிளகு பறிக்க ஏணியில் ஏறிய வீட்டுக்காரர் வழுக்கி விழுந்து, வலது கணைக்கால் எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ஒப்பரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்தார்கள். பதினொரு மாதம் ஆகியும் ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியவில்லை. கடைசி எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, “எலும்பு பொருந்தவில்லை, திரும்பவும் ஒப்பரேஷன் தேவைப்படும்” என்கிறார்கள். லண்டனில் இருக்கும் என் தம்பி வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். கம்ப்யூட்டரில் அளவெடுத்து எலும்பையே அச்சடித்து வைக்கிறார்களாம். இந்தியாவுக்குக் கொண்டுபோனால் செய்யலாம் என்கிறான். எங்களுக்கு இருப்பது அரை ஏக்கர் மிளகுத் தோட்டம். அதை விற்றாவது போகலாமா? மாமியாரோ, முறிவு நெரிவு வைத்தியரிடம் எண்ணெய்க் கட்டுப் போட்டால் போதும் என்கிறார். என்ன செய்வது?
– ஒரு வாசகி, மாத்தளை மாவட்டம்

பதில்: தோட்டத்தை இப்போது விற்க வேண்டாம். விலை பேச யாரையாவது வரச்சொல்லியிருந்தால் அதையும் நிறுத்திவையுங்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

உங்கள் தம்பி அனுப்பியது பொய்யான வீடியோவாக இருக்காது. 2014இல் பெய்ஜிங்கில் பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்குப் புற்றுநோய் பிடித்த கழுத்து முள்ளெலும்பை எடுத்துவிட்டு, அச்சடித்த டைட்டேனியத் துண்டை வைத்தார்கள். 2017இல் அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேனில், கிருமி தொற்றிக் கணைக்கால் எலும்பை இழந்த ஒரு இளைஞருக்கு, நாளடைவில் உடம்பிலேயே கரைந்துபோகும் பிளாஸ்டிக் வகையில் அச்சடித்த சட்டத்தைப் பொருத்தினார்கள். கொரோனாவோடு வந்த கறுப்புப் பூஞ்சை நோயில் தாடையும் கன்ன எலும்பும் போனவர்களுக்கு, சென்னை ஐ.ஐ.டி.யில் அவரவர் முக அளவுக்கு உலோகத் துண்டுகள் அச்சடித்துக் கொடுத்தார்கள்.

மூன்றிலும் எலும்பு இல்லாமல் போயிருந்தது என்பதைக் கவனியுங்கள். உங்கள் கணவருக்கு, கடிதத்தின்படி, எலும்பு இருக்கிறது, பொருந்தவில்லை. இரண்டும் ஒன்றல்ல. அச்சடிப்பது முக்கியமாக இடைவெளியை நிரப்பும் வேலை. எலும்பு ஏன் பொருந்தவில்லை என்ற கேள்விக்கு அந்த இயந்திரத்திடம் பதில் கிடையாது.

மிளகு வளர்க்கும் உங்களுக்கு இதை விளக்குவது எனக்குச் சுலபம். கிளிசிரிடியாக் கம்பு நட்டால் கொடி ஏறும். கொடியின் வேர் அழுகியிருந்தால் கம்பைத் தேக்கில் செதுக்கி நட்டாலும் ஏறாது. அச்சடித்த டைட்டேனியம் அந்தக் கம்புதான்.

கம்பு நல்ல கம்பு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சீ.ரி. ஸ்கேன் எடுத்து, நன்றாக இருக்கும் மற்றக் காலின் படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப்போட்டு, எவ்வளவு எலும்பு குறைகிறது என்று கணிக்கிறார்கள். பிறகு டைட்டேனியத் தூளை, ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கைவிடவும் மெல்லிய படையாகப் பரப்பி, லேசர் கதிரோ இலத்திரன் கற்றையோ கொண்டு வேண்டிய இடத்தை மட்டும் உருக்கி, மேலே அடுத்த படை, அதற்கு மேல் இன்னொன்று என்று ஏற்றுகிறார்கள். வருவது கட்டி உலோகம் அல்ல; தேன்கூடு மாதிரி, அரை மில்லிமீற்றர் அளவுத் துளைகள் நிறைந்த கூடு. துளைக்குக் காரணம் உண்டு. கட்டி டைட்டேனியம் எலும்பைவிடப் பல மடங்கு விறைப்பானது; பாரத்தை எல்லாம் அதுவே தாங்கிவிட்டால், வேலையில்லாத எலும்பு மெலிந்துபோகும். துளையிருந்தால் விறைப்புக் குறையும், இரத்தக் குழாயும் புது எலும்பும் உள்ளே நுழைய வழியும் கிடைக்கும்.

வீடியோக்காரர்கள் சொல்லாமல் விடும் விஷயம் ஒன்று உண்டு. கை கால் எலும்புகளில் அந்தக் கூட்டை வெறுமையாக வைப்பது அரிது. பெரும்பாலும் நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்து சுரண்டி எடுத்த எலும்புத் துருவலை உள்ளே அடைத்துத்தான் வைக்கிறார்கள். உயிர் அந்தத் துருவலில் இருக்கிறது.

இனி உங்கள் கணவரின் கால். முறிந்து ஒன்பது மாதமாகியும் பொருந்தாமல், கடைசி மூன்று மாதத்தில் எக்ஸ்ரேயில் முன்னேற்றமும் இல்லையென்றால் அதை நாங்கள் நொன்-யூனியன் என்போம். கணைக்காலில் இது அதிகம். முன்பக்கம் தொட்டுப் பாருங்கள், தோலுக்குக் கீழே நேராக எலும்பு; தசை இல்லை, அதனால் இரத்த ஓட்டமும் குறைவு. எலும்பு வெளியே வந்த முறிவு என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உறுத்தும் வரி அதுதான். கிருமி உள்ளே போயிருக்கலாம். சீழ் வராமல், காய்ச்சல் இல்லாமல், கம்பியின்மேல் மெல்லிய ஏடு போலப் படிந்துகொண்டு மாதக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும். அப்படிக் கிடக்கும் இடத்தில் எவ்வளவு விலையுயர்ந்த உலோகத்தை வைத்தாலும், கிருமிக்குப் புது வீடு கட்டிக் கொடுத்ததாகத்தான் முடியும். ஈ.எஸ்.ஆர்., சீ.ஆர்.பி. என்ற இரண்டு இரத்தப் பரிசோதனைகளில் ஓரளவு தெரியும். ஒப்பரேஷனின்போது வெவ்வேறு இடங்களிலிருந்து நான்கைந்து துணுக்குகள் எடுத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்த்தால்தான் நிச்சயம்.

கிருமி இல்லையென்றால் எக்ஸ்ரேயே பாதி வழி சொல்லும். முறிந்த முனைகள் யானைக்கால் மாதிரிப் பருத்திருந்தால் நல்ல செய்தி: எலும்புக்கு வளரத் தெம்பு இருக்கிறது, அசைவுதான் கெடுக்கிறது. உள்ளே இருக்கும் கம்பியை எடுத்து, துளையைச் சற்றுப் பெருப்பித்துத் தடித்த கம்பி போட்டாலே பலருக்குப் பொருந்திவிடும். சில சமயம் பக்கத்து மெல்லிய எலும்பு முன்பே கூடிவிட்டு, இரண்டு முனைகளையும் நெருங்க விடாமல் முட்டுக்கொடுத்து நிற்கும். அதில் சிறு துண்டை வெட்டிவிடுவோம். இவற்றுக்கு இந்தியாவும் வேண்டாம், அச்சியந்திரமும் வேண்டாம். மாறாக முனைகள் பென்சில் கூர் மாதிரி மெலிந்திருந்தால் இரத்த ஓட்டம் போதவில்லை என்று அர்த்தம். செத்த முனையை வெட்டி, இடுப்பெலும்புத் துருவல் வைக்க வேண்டிவரும்.

துருவல் போதாதபோது கொடையாளரின் எலும்பும் உதவும். கண்தானத்தில் உலகத்துக்கே கொடுத்த நாடு நாம். இலங்கைக் கண்தானச் சங்கம் கொழும்பில் நடத்தும் இழைய வங்கியில், இறந்தவர்கள் தானம் செய்த எலும்பைக் காமாக் கதிரால் சுத்திகரித்து வைக்கிறார்கள். அதுவும் உயிரற்ற சட்டம்தான். மனிதன் அச்சடிக்கத் தொடங்குவதற்கு முன்பே இயற்கை அச்சடித்த சட்டம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

வெட்டி எடுத்தபின் பல சென்ரிமீற்றர் இடைவெளி விழுந்தால்தான் உங்கள் தம்பியின் வீடியோ மேசைக்கு வருகிறது. அப்போதும் அது தனியாக வருவதில்லை. சைபீரியாவின் குர்கன் நகரில் இலிசாரோவ் என்ற வைத்தியர் 1950களில் உருவாக்கிய வளையச் சட்டம் இருக்கிறது: நல்ல எலும்பை ஒரு இடத்தில் அறுத்து, நாளுக்கு ஒரு மில்லிமீற்றர், அதையும் நான்கு தவணையாக, நகர்த்திக்கொண்டே போனால் பின்னால் புது எலும்பு வளரும். ஐந்து சென்ரிமீற்றருக்கு நகர்த்த மட்டும் ஐம்பது நாள். அது இறுக இன்னும் பல மாதம். தோலைத் துளைத்த கம்பிகளோடு தூங்குவது கொடுமை, ஆனால் வளர்வது சொந்த எலும்பு. பிரெஞ்சு வைத்தியர் மஸ்கெலேயின் முறையும் உண்டு: இடைவெளியில் முதலில் மருந்து கலந்த சிமெந்துக் கட்டியை வைத்து, ஆறு முதல் எட்டு வாரத்தில் அதைச் சுற்றி உடம்பே நெய்யும் சவ்வுப் பைக்குள் பிறகு துருவலை நிரப்புவது. முன்னதற்கு ஸ்பானரும் பொறுமையும், பின்னதற்கு சிமெந்தும் பொறுமையும் போதும். அச்சடித்த கூட்டுக்கு முன் நான் கேட்டுப் பார்ப்பது இந்த இரண்டையும்தான்.

அச்சியந்திரத்தால் குறைந்த செலவில் ஒரு உதவி உண்டு, அதை யாரும் வீடியோ எடுப்பதில்லை. ஸ்கேனிலிருந்து முறிந்த எலும்பின் பிளாஸ்டிக் மாதிரி ஒன்றை அச்சடித்து, ஒப்பரேஷனுக்கு முதல்நாள் மேசையில் வைத்துப் பிளேட்டை வளைத்துப் பார்க்கலாம். உடம்புக்குள் எதுவும் போவதில்லை.

வீட்டில் நீங்கள் பார்க்க வேண்டியது: அவர் வெற்றிலையோடு புகையிலை போடுகிறாரா? கடிதத்தில் இல்லை, ஆனால் நான் கேட்காமல் விடமாட்டேன். சிகரெட்டோ பீடியோ வாய்ப் புகையிலையோ, நிக்கொட்டீன் இரத்தக் குழாயைச் சுருக்கும். ஒப்பரேஷன் நாளன்று விட்டால் போதாது, இன்றைக்கே விட வேண்டும். சீனி வருத்தம் இருக்கிறதா என்று இரத்தத்தைப் பாருங்கள். பார்மசியில் வாங்கி மாதக்கணக்கில் போடும் டைக்ளோபினாக் போன்ற நோ மாத்திரைகள் எலும்பு கூடுவதை மந்தமாக்கலாம் என்ற சந்தேகம் இருக்கிறது. எது போடுகிறார் என்று வைத்தியரிடம் சொல்லுங்கள். முட்டை, பருப்பு, தலையோடு நெத்தலி தாராளமாகக் கொடுங்கள்.

மாமியாரிடம் சண்டை பிடிக்க வேண்டாம். முறிவு நெரிவு வைத்தியர்கள் இந்த மண்ணில் எத்தனையோ மூடிய முறிவுகளைக் கட்டி எழுப்பியவர்கள். ஆனால் இவருக்கு உள்ளே கம்பி இருக்கிறது, தோல் ஒருமுறை கிழிந்த இடம் இருக்கிறது. இறுக்கிக் கட்டிய எண்ணெய்ச் சீலைக்குக் கீழே அந்தத் தோல் ஊறிப் புண்ணானால், மேலே நான் பயந்த கிருமிக்கு வாசல் திறந்துவிடும். கட்டு வேண்டாம் என்று என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள், பழி என்மேல் இருக்கட்டும்.

அடுத்த கிளினிக்கில், கிருமி பார்த்தீர்களா, முனை பருத்திருக்கிறதா மெலிந்திருக்கிறதா, எலும்பு குறைகிறதா என்று கேளுங்கள். குறைகிறது என்றால், கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ கொழும்புக்கோ அனுப்பும்படி கடிதம் கேட்பதில் தவறில்லை. அரச வைத்தியசாலையிலிருந்து அரச வைத்தியசாலைக்குப் போக மிளகுத் தோட்டம் தேவையில்லை. போகும்போது கடைசி எக்ஸ்ரேயை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். விழுந்த அன்று எடுத்ததிலிருந்து எல்லாப் படங்களையும், முதல் ஒப்பரேஷனின் டயக்னோசிஸ் கார்டையும் திகதி வரிசையில் அடுக்கிக் கொண்டுபோங்கள்.