ஐப்பசி மழைக்கு முன் அம்பாசிடரின் பிரீதரைக் கவனியுங்கள்

பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனியிலும் ஆடியிலும் ஓயாது வீசிய காற்று அடங்கி, வடகிழக்குப் பருவமழை இன்னும் தொடங்காதிருக்கும் இந்தப் புரட்டாசி நாட்களே, சோமனூரிலும் கருமத்தம்பட்டியிலும் பழைய அம்பாசிடரைப் பிரியத்தோடு பேணி வருகிறவர்கள் அதன் என்ஜின் பிரீதரைக் கழற்றிச் சுத்தம் செய்ய உகந்த காலம். உத்தரபாரா தொழிற்சாலை 2014-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டபடியால், கையிலிருக்கும் என்ஜினை ரக்ஷிப்பது முன்னிலும் அவசியமாகிறது.

என்ஜின் ஓடும்போது எரிந்த வாயுவில் சிறு பாகம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்குவது இயல்பு. நீராவியும் எரியாத பெட்ரோலும் கலந்த அவ்வாயு வெளியேறும் வழியே பிரீதர். அதற்கென்றே, 1489 சி.சி. பெட்ரோல் என்ஜினில் டாப்பெட் கவரிலிருந்து ஒரு குழாய் கீழ்நோக்கி இறங்குகிறது, ராக்கர் கவரிலிருந்து ஒரு ரப்பர் ஹோஸ் ஏர் கிளீனருக்குப் போகிறது. நம் ஊரில் இவற்றுக்குப் பெரும் சத்துரு, விசைத்தறிக் கூடங்களிலிருந்து பறந்து வரும் பஞ்சு. ஆயில் மூடிக்குள் இருக்கும், எண்ணெய்ப் பசை ஏறிய வலையில் அது அடுக்கடுக்காக ஒட்டி இறுகிவிடும். சென்ற ஆண்டு நான் கழற்றிய ஓர் ஆயில் மூடியில் அதை நகத்தால் நெம்பியபோது, கம்பளி வில்லைபோல் கிழியாமல் முழுசாகக் கையோடு வந்தது.

வழி அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். இந்த என்ஜினில் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது, எண்ணெயைத் திருப்பி அனுப்பும் மரை மட்டுமே உண்டு. ஆகையால் எண்ணெய் அங்கே கசிந்து கிளட்ச் தட்டை நனைக்கிறது. அதைச் சரிசெய்யக் கியர் பாக்ஸை இறக்கச் சொல்லுமுன் பிரீதரைப் பாருங்கள்.

மூடியை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, வெயிலில் நன்றாக உலர்த்தி, வலையில் சில துளி என்ஜின் ஆயில் விட்டு மாட்டுங்கள். குழாயை வண்டியிலிருந்து கழற்றிய பிறகே கம்பி விட்டுக் குடையுங்கள். மாட்டியபடியே காற்றடித்தால் பஞ்செல்லாம் உள்ளே போய்விடும். உப்பி மெத்தென்றாகிவிட்ட ஹோஸை மாற்றிவிடுங்கள். சுத்தம் செய்த பின்பும் மூடியைத் திறந்தால் புகை விசையோடு விடாமல் வருமானால், ரிங்குகள் தேய்ந்திருக்கக்கூடும். மெக்கானிக்கிடம் கம்ப்ரஷன் பரீட்சை செய்யச் சொல்லுங்கள்.

மழை பிடித்தபின், வீட்டுக்கும் தறிக்கூடத்துக்குமாக ஐந்து நிமிஷமே ஓடும் வண்டியில் உஷ்ணம் போதாமல், மூடியின் அடியில் ஈரமும் எண்ணெயும் கலந்து தயிர்போல் படியும். வாரம் ஒருமுறை அவிநாசிப் பக்கம் அரைமணி நேரம் ஓட்டி வாருங்கள், அது கரைந்துவிடும். டிப்ஸ்டிக்கிலும் அதே வெண்மை தெரிந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்திருந்தால், பழுது ஹெட் கேஸ்கெட்டில் இருக்கலாம். வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை வீட்டுக்கே அழையுங்கள்.